குடிலை விட்டுக் கிளம்பியவர்கள்: யுன்-ஃபெய் ஜியின் அச்சுச் சுருள்

மலையும் நீருமாக இயற்கைக் காட்சியைத் தீட்டும் சீன மலைநீர் ஓவிய மரபில் மலைக்குள் செல்பவர் பெரும்பாலும் தாமாக விரும்பிச் செல்பவர். அரசுப் பதவியில் சலித்தோ, ஆட்சி மாறியதில் மனம் கசந்தோ விலகி, பைன் மரத்தடியில் புல் வேய்ந்த குடிலில் நண்பரின் வருகைக்குக் காத்திருக்கும் கல்விமான். 14-ஆம் நூற்றாண்டின் சீன ஓவியர் நீ ட்ஸான் அந்தக் கல்விமானையும் நீக்கிவிட்டு, நீர்க்கரையில் ஆளில்லாத மண்டபத்தை மட்டும் வரைந்தார். 1963-இல் பெய்ஜிங்கில் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய யுன்-ஃபெய் ஜி, அதே தூரிகை மரபைக் கொண்டு, மலையிலிருந்து வெளியேற்றப்படுகிறவர்களை வரைகிறார்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் நூலகக் குழு 2009-இல் வெளியிட்ட ‘மூன்று பள்ளத்தாக்கு அணை இடப்பெயர்வு’ ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள மரச்செதுக்கு அச்சுச் சுருள். பழைய ஓவியங்களைப் படியெடுப்பதில் பேர்பெற்ற பெய்ஜிங்கின் ரோங்பாவ்ஜாய் அச்சுக்கூடம் இதற்கென 500-க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளைச் செதுக்கியது. மூல ஓவியத்தை நிறம் நிறமாகப் பிரித்துத் தனித்தனிக் கட்டைகளில் செதுக்கி, நீர்வண்ணம் பூசி, ஈரத் தாளை அவற்றின்மேல் ஒவ்வொன்றாகப் பதித்துத் தேய்க்கும் முறை இது. தாளின் ஈரத்தில் வண்ணம் சற்றே கசிவதால், அச்சு என்று தெரிந்த பிறகும் கண் அதைத் தூரிகைத் தடமாகவே ஏற்கிறது. தாளும் பட்டும் ஒட்டிச் சுருளாக்கிய வேலையிலும் சிக்கனம் தெரியவில்லை.

யாங்சி ஆற்றின் குறுக்கே 1994-இல் கட்டத் தொடங்கிய அந்த அணைக்காக ஏறத்தாழ 13 லட்சம் பேர் இடம்பெயர நேர்ந்தது. சுருளில் அவர்கள் மூட்டை முடிச்சுகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் காத்திருக்கிறார்கள். பழஞ்சீனக் கவிஞர் தாவ் யுவான்மிங்கின் ‘பீச் மலர்ச் சுனை’ கதையில் கொடுங்கோன்மைக்குத் தப்பியவர்களை ஒரு பள்ளத்தாக்கு மறைத்துக் காத்தது. இங்கோ பள்ளத்தாக்கே நீருக்குள் போகிறது. ஓவியர் இதைக் கூச்சலாக்கவில்லை. மங்கிய பழுப்பும் சாம்பலும் கலந்த நிறங்களை முதலில் பார்ப்பவர், எங்கோ பார்த்த பழஞ்சுருள் என்று கடந்துவிடக்கூடும். மரத்துக்கும் பாறைக்கும் அளித்த அதே பொறுமையான கோடுகளைச் சாமான் குவியலுக்கும் அளித்திருப்பதே, என் பார்வையில், இவருடைய பெரிய துணிச்சல். கல்விமானின் குடிலுக்கு உரிய மரியாதை இங்கே கட்டி வைத்த மூட்டைக்குக் கிடைக்கிறது.

குறையும் உண்டு. கட்டைகளின் துல்லியம் சில இடங்களில் மைக்கறை தானாகப் பரவும் தற்செயலை அடக்கிவிடுவதால், ஜியின் நேரடித் தாளோவியங்களில் காணும் அழுக்கும் நடுக்கமும் இதில் குறைவு. ஓவியத்தோடு சேர்ந்த சீனக் கையெழுத்துப் பகுதி, அம்மொழி அறியாதவருக்கு அழகிய வடிவமாக மட்டுமே நின்றுவிடுகிறது. இவற்றைவிடப் பெரிய இடைஞ்சல் காட்சிக்கு வைக்கும் முறை. வலமிருந்து இடமாக, ஒரு கை விரிக்க மறுகை சுருட்ட, ஒருமுறைக்கு ஒரு முழமாகப் பார்ப்பதற்கென்றே உருவான வடிவத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் முழு நீளத்துக்கும் விரித்து வைத்தால், அடுத்து என்ன வரும் என்ற காத்திருப்பு, அதாவது சுருளில் உள்ள மக்களின் காத்திருப்பு, பார்வையாளருக்குக் கிட்டாமல் போகிறது. ஒரே கட்டைகளிலிருந்து பல படிகள் எடுக்கப்பட்டிருப்பதால், அவற்றில் ஒன்றையாவது மேசைமீது வைத்து, பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் நம் கண்ணெதிரே மெல்ல விரித்துக் காட்ட அருங்காட்சியகங்கள் ஏற்பாடு செய்யலாம்.