குழந்தைகள் டான்ஸ் ஷோ ஆடிஷனுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

முழுப் பரீட்சை லீவு நெருங்குகிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மறுபடியும் அந்தப் போஸ்டர்கள் தென்பட ஆரம்பித்துவிட்டன. டிவி டான்ஸ் ஷோ, உங்கள் குழந்தைக்கும் வாய்ப்பு, ஆடிஷன் இலவசம். போன வருஷம் இப்படி ஒரு போஸ்டரைப் பார்த்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன அம்மாக்களில் நானும் ஒருத்தி. பணம் போனது உண்மைதான். ஆனால் பெற்றோரை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு, அதைப் படம் பிடித்து, அந்த மோதலை வைத்தே மேலும் மேலும் பணம் கறந்தார்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் மகளுக்கு எட்டு வயது. ஊர்த் திருவிழா கலைநிகழ்ச்சி, ஸ்கூல் ஆண்டு விழா என்று எந்த மேடை கிடைத்தாலும் ஆடுவாள். வடசேரி பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆடிஷன் நடந்தது. மறுநாளே போன் வந்தது, செலக்ட் ஆகிவிட்டாள் என்று. அங்கே வந்த எந்தப் பிள்ளையையும் அவர்கள் தோற்கடித்து அனுப்பவில்லை என்பது, பின்னால் நாங்கள் பெற்றோர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. பயிற்சிக்கு 12,000 ரூபாய். டிரஸ் அவர்களிடமே எடுக்க வேண்டும், அதற்கு 8,500. நாகர்கோவில் கடைத்தெருவான செம்மாங்குடி ரோட்டில் துணி எடுத்து நம் டெய்லரிடம் கொடுத்தால் அதில் பாதிகூட ஆகாது. ஜிபே எல்லாம் ஒரு தனி ஆளின் நம்பருக்கு. ரசீது கேட்டால், சென்னை ஆபீசிலிருந்து மொத்தமாக வரும் என்றார்கள். இன்று வரை வரவில்லை.

பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டான்ஸ் மாஸ்டர் அதில் ஒரு லிஸ்ட் போடுவார். முதல் இடம் யார், கடைசி இடம் யார் என்று பிள்ளைகளின் போட்டோவோடு வரும். கடைசியில் வந்த பிள்ளையின் போட்டோ கறுப்பு வெள்ளையில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் சாப்பிடாமல் படுத்துவிட்டான் என்று அவன் அம்மா குரூப்பில் எழுதினார். 'போட்டின்னா அப்படித்தான் மேடம், கஷ்டமா இருந்தா விலகிக்கலாம்' என்று பதில் வந்தது.

விஸ்காம் படிக்கும் என் அக்கா மகள் இதைக் கேட்டதுமே, இது எங்கிருந்து எடுத்தது என்று சொல்லிவிட்டாள். அமெரிக்காவில் 2011-ல் தொடங்கிய 'டான்ஸ் மாம்ஸ்' நிகழ்ச்சியில், டான்ஸ் டீச்சர் ஏபி லீ மில்லர் பிள்ளைகளின் படங்களைப் பிரமிடு போலச் சுவரில் ஒட்டி, இந்த வாரம் யார் உச்சியில், யார் அடியில் என்று அம்மாக்களை நிற்க வைத்துக்கொண்டு சொல்வார். கோபம் வராமல் இருக்குமா? 2013 கடைசியில் அவருக்கும் ஓர் அம்மாவுக்கும் படப்பிடிப்பில் கைகலப்பே ஆகி, அடுத்த வருஷம் வழக்கு கோர்ட்டுக்குப் போனது. பிள்ளைகளின் ஆட்டத்தைவிட அம்மாக்களின் சண்டைக்குத்தான் அந்த நிகழ்ச்சி பேர் வாங்கியது. நம்ம ஊரில் அதைக் காப்பியடித்தவர்களுக்கும் அந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பாட்டு விஷயத்தில் ஓர் அப்பா மட்டும் எதிர்த்துப் பேசினார். ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒரு ஐட்டம் பாட்டைக் கொடுத்து, இடுப்பை அசைக்கும் ஸ்டெப்பைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டான்ஸ் ரியாலிட்டி ஷோக்களில் பெரியவர்களுக்கான அசைவுகளைக் குழந்தைகளை ஆட வைத்து அநாகரிகமாகக் காட்ட வேண்டாம் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனிலேயே சேனல்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அந்த அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அன்று ராத்திரியே, 'ஒருத்தர் பண்ணுற பிரச்சனையால மொத்த குரூப்புக்கும் சான்ஸ் போகப் போகுது' என்று மாஸ்டர் குரூப்பில் போட்டார். மற்ற பெற்றோர் எல்லாரும் அந்த அண்ணன் மேலே பாய்ந்தார்கள். அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இனி சென்னை ஷூட்டிங். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கி, அங்கிருந்து வேன். சேனல் ஸ்டுடியோ என்று சொன்ன இடம் வாடகை ஹால். காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளுக்கு மேக்கப் போட்டார்கள். என் மகள் மேடை ஏறும்போது ராத்திரி பத்தரை தாண்டிவிட்டது. டிரஸ் லூசாக இருந்ததால் முதுகில் வரிசையாக ஊக்கு குத்தியிருந்தார்கள். அதில் ஒன்று திறந்து குத்திக் கீறியிருக்கிறது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கன்னத்தில் ஒட்டிய ஜிகினா கண்ணுக்குள் போய்க் கண் சிவந்து, ஒரு பிளாஸ்டிக் சேரில் சரிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த நிலையில் எழுப்பி ஆடச் சொன்னார்கள்.

அதற்கு முன்பே எனக்கு ஒரு பையன் வந்து சட்டென்று மைக் குத்திவிட்டுப் போனான். சும்மா சவுண்ட் செக் பண்ண என்றான். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து, கருங்கல் ஊரிலிருந்து வந்திருக்கும் பிள்ளையின் அம்மா என் மகளைப் பற்றிப் பேசியதாகச் சொன்னாள். 'உங்க பொண்ணு காசு குடுத்து ஃபைனலுக்கு வந்தவன்னு சொல்லுறாங்க, நீங்க என்ன சொல்லுறீங்க மேடம்?' அந்தப் பக்கம் அந்த அம்மாவிடமும் இதையே சொல்லியிருக்கிறார்கள். பட்டினி, தூக்கமின்மை, பிள்ளையின் சிவந்த கண், எல்லாம் சேர்ந்து இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்தது. அவர் 'எம்பிள்ளய ஏன் இழுக்கிய?' என்று கேட்க, நான் பதில் சொல்ல, கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் பிள்ளைகள் இரண்டும் பயிற்சியில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவை. ஒன்றையொன்று பார்த்து அழுதன.

மறுநாளே மாஸ்டர் தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். 'அக்கா, அவங்க வைல்டு கார்டுக்கு 35,000 கட்டிட்டாங்க. நீங்க விட்டுட்டா உங்க பிள்ளைதான் அவமானப்பட்டு வெளிய போகும்.' வீட்டுக்காரர் சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில் அதையும் கட்டினேன்.

எபிசோடு வந்தது. டிவியில் இல்லை, ஒரு யூடியூப் சேனலில். 'மேடையில் அம்மாக்கள் அடிதடி' என்று தலைப்பு. என் மகள் ஆடியது ஒரு நிமிஷம்கூட இல்லை. நாங்கள் சத்தம் போட்டதுதான் முழுக்க. கீழே கமெண்டில் பிள்ளையின் நிறத்தைப் பற்றியும் என் பேச்சைப் பற்றியும் எழுதியிருந்ததை இங்கே எழுத எனக்கு மனசு இல்லை. ஸ்கூலில் பிள்ளைகள் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியதால் அவள் சில நாள் ஸ்கூலுக்கே போக மாட்டேன் என்றாள்.

கருங்கல் அக்காவை நான் போய்ப் பார்த்தேன். அவரும் போனை எடுத்துக் காட்டினார். அதே வாய்ஸ் மெசேஜ், அதே வார்த்தைகள். 'அவங்க கட்டிட்டாங்க' என்று அவரிடம் என்னைச் சொல்லியிருக்கிறார். அவரும் 35,000 கட்டியிருந்தார். அப்புறம் மற்றவர்களைக் கேட்டோம். பலருக்கும் இதே மெசேஜ் வந்திருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், எடுத்த காட்சியை எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம், கட்டிய பணம் திரும்பாது என்று இருக்கிறது. அதை எங்களிடம் நீட்டியது சென்னை ஹாலில், பிள்ளைகள் மேக்கப்போடு நிற்கும்போது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு வக்கீல் அக்காதான் எனக்கு விளக்கினார். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விதிகள் 2017-ல் திருத்தப்பட்டிருக்கின்றன. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை இப்படி ஒரு தயாரிப்பில் பயன்படுத்த வேண்டுமென்றால், அது நடக்கும் மாவட்டத்தின் மாஜிஸ்திரேட்டிடம், அதாவது கலெக்டரிடம், தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வு இல்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளர் வேண்டும். பிள்ளையின் விருப்பம் இல்லாமல் ஆட வைக்கக் கூடாது. பிள்ளைக்கு வரும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் டெபாசிட் போட வேண்டும். பிள்ளைக்குக் காசு கொடுக்கச் சொல்கிறது சட்டம். இங்கே பிள்ளையிடமிருந்து வாங்குகிறார்கள்.

ஆகவே யாராவது கூப்பிட்டால் முதல் கேள்வியாக, கலெக்டர் அனுமதியின் நகலைக் கேளுங்கள். எங்களிடம் பணம் வாங்கிய ஆளிடம் இதைக் கேட்டதும் போனைக் கட் பண்ணிவிட்டார். இன்னொரு பிள்ளையின் பெற்றோர் உங்களைப் பற்றி இப்படிச் சொன்னார்கள் என்று அமைப்பாளர் யாராவது சொன்னால், பதில் பேசுவதற்கு முன் அவர்களிடமே நேராகக் கேளுங்கள். கேமரா இல்லாத இடத்தில் கேளுங்கள்.

நாங்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறோம். ஐந்து லட்சம் வரைக்குமான புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வீடியோவில் பிள்ளைகளைக் காட்டிய விதம் பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். பிள்ளை பெயர் வெளியே வந்துவிடும் என்று பயந்து பலர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது, யாரையும் நான் வற்புறுத்தவில்லை.

ஆனால் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த வாய்ஸ் மெசேஜையும் தயவுசெய்து அழிக்காதீர்கள். குரூப்பிலிருந்து வெளியேறும் முன் சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி வையுங்கள். போன வாரம் எங்கள் குரூப்பைக் கலைத்துவிட்டு வேறு பெயரில் புதிய குரூப் திறந்திருக்கிறார்கள். அடுத்த ஆடிஷன் மார்த்தாண்டத்தில் என்று அதில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இருப்பவர்கள் உங்களுக்குத் தெரிந்த அம்மா அப்பாக்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.