திருச்சியில் ஒரு நர்சிங் பயிற்சி வகுப்பு: பாடத்துக்காகச் சேரலாம், கேள்விப் புத்தகத்துக்காக வேண்டாம்

எம்ஆர்பி (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் ஸ்டாஃப் நர்ஸ் தேர்வுக்கும் எய்ம்ஸ் நடத்தும் நர்ஸ் வேலைத் தேர்வான நார்செட்டுக்கும் சேர்த்துப் பயிற்சி தரும் மையம் ஒன்றில், திருச்சியில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பை முடித்திருக்கிறேன். "அக்கா, அங்க சேரலாமா?" என்று எங்கள் வார்டுப் பிள்ளைகள் விடாமல் கேட்கிறார்கள். அடிப்படை நர்சிங்கும் நோயாளி பாதுகாப்பும் ஒழுங்காகப் புரிய வேண்டும் என்றால் தாராளமாகச் சேருங்கள். அவர்கள் தரும் கேள்விப் புத்தகத்தை மனப்பாடம் செய்தே தேறிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

நான் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) முடித்து, தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை பார்க்கிறேன். டியூட்டியும் பார்த்து, வீட்டையும் பார்த்து, மிச்ச நேரத்தில் படிக்கிற ஆளின் கணக்கு இது. கல்லூரியிலிருந்து நேராக வரும் பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள் வேறு மாதிரி படலாம்.

கட்டணம் 9,500 ரூபாய், இரண்டு தவணையாகக் கட்டலாம். பாதியில் நின்றால் திருப்பித் தரமாட்டார்கள். காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரை வகுப்பு. மாடியில் ஒரு நீளமான ஹால், மின்விசிறி உண்டு, ஏசி கிடையாது. அத்தனை பெண்களுக்கும் ஒரே ஒரு கழிப்பறை, இடைவேளை முழுக்க வரிசையிலேயே போய்விடுகிறது. இதை அவர்கள் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். நைட் டியூட்டி முடித்து பஸ் பிடித்து வருபவர்களுக்குக் கடைசி வரிசையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கண் அசந்தால் யாரும் அதட்டுவதில்லை. அன்றைய பாடத்தின் வீடியோ பதிவு இரவே போனுக்கு வந்துவிடும். எங்கள் வேலை தெரிந்தவர்கள் நடத்தும் இடம் என்பது இதிலேயே தெரிந்தது.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். நோயாளி பாதுகாப்பு எடுக்கும் மேடம் அரசு மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வதேச நோயாளி பாதுகாப்பு இலக்குகள் ஆறு என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது: சரியான நோயாளியை அடையாளம் காண்பது, தகவல் பரிமாற்றம், அதிக ஆபத்துள்ள மருந்துகள், பாதுகாப்பான அறுவை சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, கீழே விழாமல் பார்த்துக்கொள்வது. மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். மேடம் முதல் இலக்குக்கு மட்டுமே ஒரு முற்பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

"நீங்கதானே லட்சுமி?" என்று கேட்கவே கூடாது என்பார். நம் ஊர் நோயாளி நர்ஸ் எதைக் கேட்டாலும் "ஆமாம்மா" என்றுதான் சொல்வார். "ஏம்மா, அந்தம்மாவுக்குக் காது கேக்காம தலையாட்டினா நீ என்ன பண்ணுவ?" என்று எங்களைக் கேட்பார். "உங்க பேர் என்ன?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். பிறகு கை பட்டையில் இருக்கும் பெயரையும் மருத்துவமனைப் பதிவு எண்ணையும் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட வேண்டும். கட்டில் எண் அடையாளமே ஆகாது. காலையில் 12-ஆம் கட்டிலில் இருந்தவர் மதியம் ஸ்கேனுக்குப் போய்த் திரும்பும்போது அந்த இடத்தில் வேறொருவர் படுத்திருப்பார். தேர்வில் "நோயாளியை அடையாளம் காணப் பயன்படுத்தக் கூடாதது எது?" என்று வந்தால் கட்டில் எண், அறை எண்ணைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். காரணத்தோடு மனதில் பதிந்ததால் மறக்க வழியில்லை.

போனில் டாக்டர் சொல்லும் மருந்தை எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து, "சரி" என்று வாங்கிய பிறகே கொடுக்க வேண்டும் என்பதை எங்களை இரண்டிரண்டு பேராக நிற்கவைத்துச் செய்யச் சொன்னார். பெரும்பாலானோர் வாசிப்பதை விட்டுவிட்டு "ஓகே சார்" என்று முடித்தார்கள். அந்த "ஓகே சார்"தான் வார்டில் பல விபரீதங்களின் தொடக்கம் என்று நானும் நம்புகிறேன்.

அதிக ஆபத்துள்ள மருந்துகள் பற்றிய வகுப்புக்காகவே மொத்தக் கட்டணத்தையும் கொடுக்கலாம். மேடம் பையிலிருந்து 10 மில்லி ஆம்பூல்கள் (ஊசி மருந்துக் குப்பிகள்) சிலவற்றை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்று பொட்டாசியம் குளோரைடு, மற்றவை ஊசி மருந்து கலக்கும் தண்ணீர். இரண்டடி தள்ளி நின்றால் வித்தியாசமே தெரியவில்லை. நம் வார்டுகளில் வரும் 15 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் ஒன்றில் 20 மில்லி ஈக்விவலன்ட் (உப்பின் அளவைச் சொல்லும் அலகு) இருக்கிறது. அதை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சலைனில் கலந்து மெதுவாகத்தான் போக வேண்டும். கை நரம்பு வழியாக என்றால் பொதுவாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போகக் கூடாது. வார்டு அலமாரியில் மற்ற ஆம்பூல்களோடு அதைச் சேர்த்து வைப்பதே தவறு என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது இன்சுலின். நம் ஊரில் வயால் (ரப்பர் மூடி போட்ட மருந்துப் புட்டி) பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் சில வயால்களும் மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாறிப் போனால் என்ன ஆகும் என்று பலகையில் கணக்குப் போடவைத்தார். 40 யூனிட் வயாலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது 8 யூனிட்தான். தலைகீழாக, 100 யூனிட் வயாலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். முதல் ஆளுக்குச் சர்க்கரை இறங்காது. இரண்டாவது ஆள் விடியும்போது மயங்கிக் கிடப்பார். ஹாலில் ஒரு சத்தம் இல்லை.

பிரசவ வார்டுக்கு, வலிப்பு வராமல் தடுக்கப் போடும் மக்னீசியம் சல்ஃபேட். அடுத்த டோஸ் போடுவதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்கால் அனிச்சை (தட்டினால் கால் தானாக உதறுவது) இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது போகிறதா. ஒன்று குறைந்தாலும் ஊசியை நிறுத்தி டாக்டரை அழைக்க வேண்டும். அதன் நச்சை முறிக்கும் மருந்தான கால்சியம் குளூகோனேட் கட்டிலருகே தயாராக இருக்க வேண்டும். ஏன் முதலில் முழங்கால்? மருந்து அளவு கூடும்போது முதலில் போவது அந்த அனிச்சைதான், மூச்சு அதற்குப் பிறகுதான் அடங்கும். இந்த வரிசை தெரிந்தவருக்கு, "நச்சுத்தன்மையின் முதல் அறிகுறி எது?" என்று கேட்டால் நான்கு விருப்பங்களையும் வாசிக்கக்கூட வேண்டியதில்லை.

முன்னுரிமைக் கேள்விகளையும் இதே முறையில்தான் நடத்தினார். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் வருகிறது, முதலில் என்ன செய்வாய்? வகுப்பில் பாதிப் பேர் "டாக்டருக்குச் சொல்வேன்" என்றார்கள். முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். பிறகு புது டிரிப் செட்டில் நார்மல் சலைன் போட்டு நரம்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அப்புறம்தான் டாக்டர், பையையும் குழாயையும் ரத்த வங்கிக்கு அனுப்புவது எல்லாம். "டாக்டர் மாடிப்படி ஏறி வர்றதுக்குள்ள இன்னும் எத்தனை மில்லி போயிருக்கும்?" என்றார் மேடம். முதல் 15 நிமிடம் நோயாளியை விட்டு நகராதே, 4 மணி நேரத்துக்குள் பையை முடி என்ற விதிகளும் அன்றைக்குத்தான் பலருக்கு அர்த்தத்தோடு புரிந்தன.

விளக்கம் முழுக்கத் தமிழில், கலைச்சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் என்று நடத்துவது என்னைப் போல தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஜிஎன்எம் போனவர்களுக்கு மிகப் பெரிய உதவி.

சரி, குறைகள். எல்லாமே அந்தக் கேள்விப் புத்தகத்தைச் சுற்றித்தான். அமெரிக்க உரிமத் தேர்வுக்கான புத்தகங்களிலிருந்து அள்ளிப்போட்ட கேள்விகள் அதில் நிறைய. 911-க்கு அழைக்கும் நோயாளி, பாரன்ஹீட்டிலேயே எழுதப்பட்ட காய்ச்சல், உரிமம் பெற்ற உதவி நர்ஸுக்கு எந்த வேலையைப் பிரித்துக் கொடுப்பாய் என்ற கேள்வி. நம் வார்டில் அப்படி ஒரு பதவியே இல்லை. முன்னுரிமை பற்றிய கேள்விகள் நார்செட்டுக்கு உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றை நம் வார்டுக்கு மாற்றி எழுதும் சிரமத்தையாவது எடுத்திருக்கலாம்.

சொட்டுக் கணக்கில் இந்தக் குறை ஆபத்தாகவே மாறுகிறது. புத்தகம் ஒரு மில்லிக்கு 15 சொட்டு என்று வைத்துக்கொண்டே போகிறது. நம் கையில் வரும் சாதாரண டிரிப் செட் மில்லிக்கு 20 சொட்டு, மைக்ரோ செட் 60. ஒரு லிட்டர் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற 15 கணக்கில் நிமிடத்துக்கு 31 சொட்டு வரும், 20 கணக்கில் 42. அந்த 31-ஐ மனதில் வைத்துக்கொண்டு நம் செட்டில் ஓட்டினால் 8 மணி நேரப் பாட்டில் ஏறக்குறைய 11 மணி நேரம் இழுக்கும். வகுப்பில் மேடம் இதைச் சொல்லித் திருத்துகிறார். புத்தகத்தை மட்டும் விலைக்கு வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு யார் சொல்வது?

இதைவிடக் கோபம் வந்தது மருத்துவக் கழிவுப் பக்கத்தில். காலாவதியான மருந்து எந்தப் பையில் என்ற கேள்விக்கு விடை கறுப்பு என்று அச்சாகியிருந்தது. அது 1998 விதிகளின் காலம். 2016-இல் வந்த விதிகளில் மருத்துவக் கழிவுக்குக் கறுப்புப் பையே கிடையாது. காலாவதியான மருந்தும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் உடல் பாகங்களும் மஞ்சளில். டிரிப் செட், கதீட்டர், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச் சிவப்பில். ஊசி, பிளேடு போன்ற கூர்மையானவை துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். உடைந்த கண்ணாடி ஆம்பூலும் உலோக இம்பிளான்டும் நீலத்தில். ஒவ்வொரு தேர்விலும் எதிர்பார்க்க வேண்டிய பகுதி இது. பழைய விடையை நம்பினால் மதிப்பெண்ணும் போகும். அதைவிட, கழிவு அள்ளும் அக்காவின் கையில் ஊசி குத்தும் வாய்ப்பும் கூடும். இதயம் நின்றுபோன, வயது வந்தவருக்கான முதலுதவி வரிசையும் அப்படித்தான்: முதலில் மூச்சுப்பாதை என்று போட்டிருந்தது. மார்பு அழுத்தத்தில் தொடங்க வேண்டும் என்று மாறியது 2010-இலேயே.

அலுவலகத்தில் எடுத்துச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கழிவுப் பக்கத்துக்கு மட்டும் திருத்தத் தாள் ஒன்று ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். மற்றவை அடுத்த பதிப்பில் என்றார்கள். நல்ல ஆசிரியரைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு புத்தகத்தை அச்சடிக்க அவர்களுக்கு எப்படி மனம் வந்தது என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அந்த மேடத்தை ஒரு முறை உட்கார்ந்து புரட்டச் சொல்லியிருந்தாலே பாதிப் பிழை போயிருக்கும்.

மாதிரித் தேர்வுகள் சுமார். நார்செட்டில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பார்கள். இங்கே கழிப்பதில்லை. அதனால் தெரியாத கேள்விக்கும் எதையாவது குறிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. நானும் என் தோழியும் விடைத்தாளை வாங்கி நாங்களே கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மதிப்பெண் வரிசையில் முன்னால் இருந்த சிலரின் இடமே மாறியது. எம்ஆர்பிக்கான தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். அதற்கு ஒரே ஒரு பிற்பகல் ஒதுக்கினார்கள். பெரும்பாலோருக்கு அது போதும். பிற மாநிலத்தில் படித்து வந்தவர்கள் தனியாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பொது அறிவு வகுப்பு பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம்.

வேலையில் இருப்பவர்கள் சேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். ஞாயிறு கேட்டதை அந்த வார டியூட்டியிலேயே தேடிப் பாருங்கள். இன்சுலின் வகுப்புக்குப் பிறகு எங்கள் ஐசியூ ஃபிரிட்ஜைத் திறந்து வயால்களையும் சிரிஞ்சுகளையும் நாங்கள் தனித்தனித் தட்டில் பிரித்து, மேலே பெரிய எழுத்தில் 40, 100 என்று எழுதி ஒட்டினோம். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் பார்த்துவிட்டு மற்ற வார்டுகளுக்கும் சொல்லி அனுப்பினார்.

புதிதாகப் படித்து முடித்தவர்கள் முதல் தவணை கட்டுவதற்கு முன் கேள்விப் புத்தகத்தை வாங்கி மருத்துவக் கழிவுப் பக்கத்தைப் புரட்டுங்கள். கறுப்புப் பை இன்னும் இருந்தால் திருத்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். நோயாளி பாதுகாப்பு அந்த மேடம்தான் எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் இந்தக் கட்டணம் அதிகம்.