30 லீற்றர் மின்பானையில் இஞ்சி பியர்: எட்டு மாத அனுபவம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு இந்தப் பானை வந்து எட்டு மாதம். 2,500 வாற்று சூடேற்றி, அடியில் குழாய், உள்ளே லீற்றர்க் கோடுகள். அதற்கு முன் ஐந்து லீற்றர்ச் சட்டியில்தான் இஞ்சி பியர் போட்டு வந்தேன்.

முதல் தடவை பழைய அளவை அப்படியே நான்கால் பெருக்கினேன்: 20 லீற்றர் தண்ணீர், 2 கிலோ சீனி, ஒன்றரைக் கிலோ இஞ்சி, ஒரு மணி நேரக் கொதி. போத்தலில் அடைக்க 16 லீற்றர்கூடத் தேறவில்லை. அம்மா ஒரு மிடறு குடித்துப்பார்த்து, "என்ன தம்பி, பாணி மாதிரிக் கிடக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு முழுக்க அளப்பதிலேயே போனது. சமையலறைத் தராசில் ஒவ்வொரு கிலோவாகத் தண்ணீரை நிறுத்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் மர அகப்பையின் காம்பை நட்டுக்குத்தாக விட்டு, நனைந்த இடத்தில் கத்தியால் கீறினேன். பானையின் 20 லீற்றர்க் கோட்டைத் தண்ணீர் தொட்டபோது உள்ளே இருந்தது 19.3 லீற்றர்தான். குழாய்க்குக் கீழே 1.1 லீற்றர் வெளியே வராமல் தங்கியது.

பிறகு வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். சூட்டோடு அளந்து, இரண்டு லீற்றருக்குச் சற்று அதிகமாக வற்றியது என்று எழுதிவைத்தது பிழை. கொதிநீர் 4 சதவீதம் அளவு பெருத்து நிற்கும். ஆறவிட்டு அளந்தால் வற்றியது 3 லீற்றர். கரண்ட் அழுத்தம் குறையும் மாலை வேளைகளில் அதே பானையில் இரண்டரைதான் வற்றுகிறது. 230 வோல்ற்று 215க்கு இறங்கினால் சூடேற்றியின் வலு எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால் இப்போதெல்லாம் காலையில்தான் அடுப்பேற்றுகிறேன்.

துணியில் கட்டிய இஞ்சிச் சக்கை, பிழிந்த பிறகும் 0.7 லீற்றரைப் பிடித்துக்கொள்கிறது. சீனியோ அளவைக் கூட்டும்: ஒரு கிலோ கரைந்தால் ஏறக்குறைய 0.6 லீற்றர். இதைப் பலர் கணக்கில் எடுப்பதேயில்லை.

கலவை தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று காட்டி, சீனி போதுமா என்று சொல்லும் மிதவைக் கருவி ஹைட்ரோமீற்றர். அதை நான் நீண்ட நாள் தவறாக நம்பினேன். என்னுடையது 20 பாகை வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது. நம் கொழும்பு வீட்டில் ஆறிய கலவை 30 பாகையில் நிற்கும். அப்போது 0.0025 அளவுக்குக் குறைத்துக் காட்டும். 1.036 என்று பார்த்துவிட்டு இன்னும் சீனி போட்ட நாட்கள் உண்டு. சந்தேகமென்றால் வடித்த நீரில் விட்டுப் பாருங்கள்: 20 பாகையில் சரியாக 1.000 காட்ட வேண்டும்.

பானையைப் பற்றிச் சொன்னால், எஃகு தரமானது, கழுவ எளிது. வெப்பமானி மட்டும் நன்றாகத் தளதளக்கும்போதும் 98 காட்டுகிறது. கடல்மட்டத்தில் இருக்கும் நமக்கு அது 100 ஆக இருக்க வேண்டும். ஆறாம் மாதம் குழாய் கசிந்தது, றப்பர் வளையம் மாற்றியதும் நின்றது. சீனி போடுமுன் சூடேற்றியை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடியில் படிந்து கருகி, அந்தக் கசப்பு கடைசிப் போத்தல்வரை வரும்.

இப்போது 20 லீற்றர் அடைக்க 23.4 லீற்றர் தண்ணீரும் 2.2 கிலோ சீனியும் எடுக்கிறேன். கடைசி மூன்று தடவையும் அரை லீற்றருக்கு மேல் பிசகவில்லை. ஈஸ்ட் சேர்த்து அடைத்த பிளாஸ்திக் போத்தல்கள் நம் வெக்கையில் இரண்டு நாளில் கல்லுப்போல் இறுகிவிடும், உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். கீறிய அகப்பையை வீட்டில் யாரும் குழம்புக்கு எடுக்காதபடி பானைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.