பவர்பாயிண்ட் பைல் வீங்கினால்: கம்ப்ரஸ் பட்டனா, ஜிப் ஆக்கித் திறப்பதா?

இலங்கை உயர்தர (ஏ/எல்) வகுப்புப் புவியியலுக்கு நான் வைத்திருக்கும் மலைநாட்டுப் பாடத்தில் ஸ்லைடுகளும் குறைவு, எழுத்தும் குறைவு. ஆனாலும் பைல் 90 எம்பியைத் தாண்டி நின்றது. ஜிமெயில் இணைப்புக்கு 25 எம்பிதான் எல்லை. வாட்ஸ்அப்பில் போகும்; ஆனால் ஹட்டனுக்கு மேலே தோட்டங்களில் இருக்கும் பிள்ளைகளின் டேட்டா அதோடு சரி.

இளைக்க வைக்கிறோம் என்று சொல்லும் இணையத்தளங்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. பெரிய பைலை முதலில் ஏற்றத்தானே வேண்டும், இங்குள்ள சிக்னலில்? பிடிஎஃப் ஆக்கினால் பிள்ளைகளுக்கு அனுப்பலாம், அனிமேஷன் போய்விடும். மிஞ்சுவது இரண்டு வழி.

முதலாவது, பவர்பாயிண்டில் உள்ள கம்ப்ரஸ் பிக்சர்ஸ். ஒரு படத்தைக் கிளிக் செய்தால் பிக்சர் ஃபார்மட் பகுதியில் வரும். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு படம் மட்டும் சுருங்கும், பைல் அப்படியே இருக்கும். சுலபம்தான். ஆனால் எந்தப் படம் குற்றவாளி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் நசுக்கிவிடும். தேயிலையின் கொப்புள நோயைக் காட்ட வைத்திருக்கும் இலைப் படத்தை வகுப்பில் பெரிதாக்கித்தான் காட்டுவேன். 96 பிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல்) இறக்கினால் புள்ளிகள் கரைந்துவிடும், சேமித்த பிறகு திரும்பி வராது.

நான் பிடித்துக்கொண்டது இரண்டாவது வழியை. 2007இல் வந்த பிபிடிஎக்ஸ், அதாவது இப்போதைய பவர்பாயிண்ட் பைல் வடிவம், உண்மையில் பல பைல்களை ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் பொதிதான். பைலைக் கொப்பி எடுத்து, கொப்பியின் பெயர் முடிவை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பிபிடி, அதற்குள் மீடியா என்ற போல்டர் இருக்கும். அளவு வாரியாக அடுக்கினால் கொழுத்தது மேலே வந்து நிற்கும். வாட்ஸ்அப் வெப்பிலிருந்து கொப்பி அடித்து ஒட்டிய போட்டோ பெரிய பிஎன்ஜியாக இருக்கும். எந்த ஸ்லைடிலும் தெரியாத படம் இருந்தால் எல்லா ஸ்லைடுகளுக்கும் அச்சாக இருக்கும் ஸ்லைடு மாஸ்டரைப் பாருங்கள். இறக்கிய டெம்ப்ளேட்டின் பின்னணிகள், பாவிக்காத லேஅவுட்டுகள் அங்கே குந்தியிருக்கும். பக்கத்திலுள்ள எம்பெடிங்ஸ் போல்டரையும் திறவுங்கள். எக்செல் சார்ட்டை எம்பெட் செய்து ஒட்டியிருந்தால், சார்ட் மட்டுமல்ல, முழு வொர்க்புக்கும் உள்ளே இருக்கும். புள்ளிப் பட்டியல் என்றால் முழு வகுப்பின் மார்க்ஸும் ஊருக்கே போகும். அளவை விட அதுதான் பயம்.

ஜிப்புக்குள் எதையும் மாற்றத் தேவையில்லை, பார்த்தால் போதும். அசல் பைலில் அந்தப் படத்தை மட்டும் 2000 பிக்சல் அகல ஜேபெக்காக்கி, சேஞ்ச் பிக்சர் கொடுத்தால் இடமும் அளவும் மாறாமல் உட்கார்ந்துகொள்ளும்.

எனக்கு முடிவைத் தந்தது அடுத்த தவணைதான். இந்தப் பாடத்தில் ஒவ்வொரு வருடமும் படம் சேரும். கம்ப்ரஸை நம்பினால் ஒவ்வொரு முறையும் அமுக்க வேண்டும், ஏன் வீங்கியது என்பதும் தெரியாது. காரணம் தெரிந்த பிறகு நான் படங்களை ஒட்டுவதில்லை, சிறிதாக்கி இன்சர்ட் வழியாகத்தான் போடுகிறேன், பைலும் ஏறவில்லை.

ஒன்றைக் கம்ப்ரஸுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கிராப் செய்த பகுதி பைலுக்குள் அப்படியே இருக்கும். அதைத் துப்பரவாக நீக்கும் டிக் அங்கேதான் உண்டு. வீடியோ நான் அதிகம் போடுவதில்லை. போட்ட ஒன்றிரண்டுக்கு ஃபைல் மெனுவின் இன்ஃபோ பக்கத்தில் உள்ள கம்ப்ரஸ் மீடியா போதுமாக இருந்தது. இன்னொருவர் தந்த பைல், வகுப்புக்குப் பத்து நிமிடம் என்றால் நானும் யோசிக்காமல் 150 பிபிஐ கொடுத்து கம்ப்ரஸ்தான் அமுக்குவேன்.