கட்டைவிரல் வைக்கும் முன் நில்லுங்கள்: பிறையில் மோட்டார் லைசென்ஸ் எடுக்கப் போய் நான் ஏமாந்தது

மலேசியாவில், பினாங்கின் பிறை, பட்டர்வொர்த் பக்கம் பி2 (மோட்டார் சைக்கிள்) லைசென்ஸ் எடுக்க ஏஜெண்ட் தேடிக்கொண்டிருக்கிறவர்கள், முக்கியமாக முப்பது தாண்டி முதல்முறையாக மோட்டார் பழகப் போகிற சகோதரிகள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பெயரையும் ஏஜெண்டின் பெயரையும் இங்கே போடவில்லை. கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தாயிற்று.

எனக்கு வேலை பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில்; வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம், பிறையில். கம்பெனி பஸ் எங்கள் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) வருவதை நிறுத்தியதும் காலை ஷிப்டுக்குப் போவது பெரும்பாடாகிவிட்டது. வாடகைக் காடி (கார்) எடுத்தால் பினாங்குப் பாலம் தாண்டிப் போய்வரவே சம்பளம் கரைகிறது. பாலத்தில் மோட்டாருக்கு 2019 ஜனவரியிலிருந்து டோல் கிடையாது. வீட்டுக்காரரின் பழைய ஈஎக்ஸ்5 மோட்டார் சும்மாதான் நிற்கிறது. 34 வயதில் துணிந்து இறங்கினேன்.

அந்த ஏஜெண்ட் வழியில் பார்த்துப் பிடித்த ஆள் இல்லை. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றிய முகம். "நம்ம பிள்ளைங்க அங்கே இங்கே அலையக் கூடாதும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றார். 950 வெள்ளி (ரிங்கிட்). வகுப்பு, கம்ப்யூட்டர் பரீட்சை, எல் (பழகுநர்) லைசென்ஸ், பயிற்சி, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) டெஸ்ட் எல்லாம் அதற்குள் அடக்கம், கண்டிப்பாக பாஸ் என்றார். அவருடைய சொந்தக் கணக்குக்கே டூயிட்நவ்வில் (உடனடி வங்கிப் பணமாற்றத்தில்) அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "வாட்சப்பிலே இருக்கே, அதுதாம்மா ரசீது" என்றார். தமிழில் பேசுகிறார், கோயிலில் பார்த்த மனுஷன், இதற்கு மேல் என்ன கேட்பது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை அதிகம்.

தியரி வகுப்பிலும் கம்ப்யூட்டர் பரீட்சையிலும் குறை இல்லை. 50 கேள்வி, 42 சரியாக இருக்க வேண்டும், எனக்கு 46 வந்தது. நிறக்குருடு சோதனையும் முடிந்தது. எல் கைக்கு வந்தது. கோளாறு பயிற்சியில்தான் ஆரம்பித்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேபிபி 02 என்பது பள்ளியின் சர்க்யூட்டுக்குள் ஓட்டிப் பழகுவது. மெல்லிய திட்டு மேல் போகிற தீத்தி, கூம்புகளுக்கு நடுவே வளைந்து போவது, நிறுத்தக் கோட்டில் நிற்பது, இப்படி. கேபிபி 03 என்பது ரோட்டில் பழகுவது. இரண்டுக்கும் மணிக்கணக்கு உண்டு, வந்ததற்கும் போனதற்கும் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும்.

முதல் நாள் என்னிடம் கொடுத்த மோட்டாரின் முன் பிரேக்கை அழுத்தினால் நெம்புகோல் கைப்பிடியில் வந்து முட்டியது. பிரேக் பிடித்ததா என்று கேட்டால் பிடித்தது, பிடிக்கவில்லை. சொன்னேன். "சர்க்யூட்டுக்கு இது போதும், பின் பிரேக்கை மிதி" என்று பதில் வந்தது. இது எவ்வளவு தப்பான பாடம் என்று பிறகுதான் புரிந்தது. பிரேக் போடும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது, வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகினவர் மழையில் திடீரென்று நிறுத்த நேர்ந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டு போகும். இதை ஒரு புதியவளுக்குப் பழக்கமாக்கிவிட்டார்கள்.

இரண்டு மணி நேரம் தீத்தி மட்டும்தான். பயிற்றுநர் நிழலில் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே இறங்கினால் தலையைத் தூக்கி "லாகி சகாலி" (இன்னொரு தடவை) என்பார், அவ்வளவுதான். ரோட்டுப் பயிற்சிக்கு வரச் சொன்ன நாளில் லீவு போட்டுவிட்டுக் காலை 8 மணிக்குப் போய் நின்றேன். கவுண்டரில் கட்டைவிரல் வைத்தேன். "வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வந்து திரும்ப விரல் வைங்க, ரோட்டுக்கு மோட்டார் இல்லை" என்றார்கள். என்னோடு இன்னும் நான்கு பேர். எல்லோரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள், லீவு மிச்சம் என்று. நானும் கிளம்பினேன். சாயங்காலம் போய் விரலும் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், டெஸ்ட் நாள் வரைக்கும் ஒரு மீட்டர்கூட நான் ரோட்டில் ஓட்டவில்லை. ஆனால் கணக்கில் என் விரல் ரேகை, நான் ஓட்டியதாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

டெஸ்ட் அன்று சர்க்யூட்டில் பாஸ். பிறகு நம்பர் போட்ட மேல்சட்டையோடு ரோட்டுக்கு அனுப்பினார்கள். முதல் சந்திப்பில் வலது சிக்னல் போட்டேன், கண்ணாடியைப் பார்த்தேன், திரும்பினேன். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. கப்சாயில் (சின்ன கியர் மோட்டாரில்) சிக்னல் காடியில் மாதிரி தானாக அணையாது, நாமே அணைக்க வேண்டும். அதுவும் எனக்குத் தெரியாது. வலது விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்க, நேராகப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே இருந்த சந்தில் ஒரு மைவி காடி, நான் அந்தச் சந்துக்குள் திரும்பப் போகிறேன் என்று நம்பி வெளியே வந்துவிட்டது. மிதித்தேன். பின் பிரேக்கைத்தான் மிதித்தேன். வண்டி கோணலாகி, கால் ஊன்றி, எஞ்சின் நின்றுபோனது. மூன்றாம் கியரிலேயே திரும்பக் கிளப்பப் பார்த்தேன், மூச்சு முட்டி மறுபடி நின்றது. ஜேபிஜே அதிகாரி ஓரமாக நிறுத்தச் சொன்னார். அவர் என்னை ஃபெயில் போட்டது நியாயம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் போட்டிருப்பேன். அந்த மைவியில் இருந்த மாமி முகம் வெளுத்துப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று மாலையே ஏஜெண்ட் ஃபோன் செய்தார். திரும்ப டெஸ்டுக்கு 250, அதோடு 300 "கோப்பி காசு" (லஞ்சம்), கொடுத்தால் ரோட்டுக்கே போக வேண்டாமாம். 300-க்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். லஞ்சம் வாங்குகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும் 2009-ஆம் ஆண்டு லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில் குற்றவாளிதான். 250 மட்டும் அனுப்பினேன். அதுவும் அதே சொந்தக் கணக்குக்கு. இரண்டு வாரம் தேதி வரவில்லை. பிறகு என் நம்பரையே அடைத்துவிட்டார்.

பள்ளிக்கே நேராகப் போனேன். கவுண்டர் பிள்ளை கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துச் சொன்னது: என் பெயரில் பள்ளிக்கு வந்த பணம் 560 வெள்ளி. திரும்ப டெஸ்டுக்கு எதுவும் கட்டவில்லை, தேதியும் கேட்கவில்லை. மேனேஜரிடம் கேட்டால் "அந்த ஆள் எங்க ஆள் இல்லை" என்கிறார். அவர் மேசை மேலேயே அந்த ஆளின் கார்டு அடுக்கி வைத்திருக்கிறது.

640 வெள்ளி போனது வலிதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த ரோட்டு மணி நேரங்கள். நம் நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் மோட்டாரில் போகிறவர்கள். பிறை தொழிற்பேட்டைப் பக்கம் கண்டெய்னர் லாரி எப்படி வளைகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தீத்தியில் சாயாமல் போகத் தெரிந்தவள் என்று சொல்லி ஒருத்தியை அந்த ரோட்டில் இறக்கிவிடுவது பணம் திருடுவதைவிட மோசம். அந்தத் திருட்டுக்கு நம் கட்டைவிரலையே கையெழுத்தாக வாங்கிக்கொள்கிறார்கள். ரோட்டில் ஓட்டாமல் விரல் வைக்காதீர்கள். "எல்லாரும் இப்படித்தான்" என்பார்கள். நில்லுங்கள், மோட்டார் வரும் வரை அங்கேயே உட்காருங்கள்.

பிறகு எனக்குப் பழக்கிவிட்டது பக்கத்து வீட்டு மாமா, 30 வருடம் மோட்டாரில் பாலம் தாண்டி வேலைக்குப் போனவர். எல் அட்டையை முன்னும் பின்னும் ஒட்டி, நான் தனியாக ஓட்ட, அவர் தன் மோட்டாரில் பின்னால் வருவார். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி, தாமான் ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. முதல் பாடமே, கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பது: டயர், செயின் தொய்வு, இரண்டு பிரேக், விளக்கு, ஹார்ன். இரண்டாவது கழுத்து. "கண்ணாடியிலே தெரியாத இடத்திலேதான்மா லாரி நிக்கும்" என்பார். திரும்பி முடித்ததும் இடது கட்டைவிரலால் சிக்னலை அழுத்தி அணைப்பதை ஐம்பது தடவையாவது செய்ய வைத்தார். நிற்கும் முன்பே கியரை இறக்குவது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக அழுத்துவது, மழை தூற ஆரம்பித்த முதல் நிமிடங்களில் எண்ணெய் மேலே மிதக்கும் என்பதால் வெள்ளைக் கோட்டின் மேல் சாயாமல் போவது. ஐந்து ஞாயிற்றுக்கிழமை. இதில் கால்வாசியைப் பள்ளியில் சொல்லியிருந்தால் போதும்.

புகார் விஷயம். பள்ளிக்குக் கடிதம் எழுதி, கேபிபி 03 நடந்ததாகப் பதிவான நாளில் நான் வீட்டில் இருந்ததற்கு என்னிடம் இருந்த ஆதாரத்தை வைத்தேன், நகல் ஜேபிஜே-க்கு என்று கீழே போட்டேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். ரோட்டுப் பயிற்சி முழுவதும் கொடுத்தார்கள், இரண்டாவது டெஸ்டுக்கு மோட்டார் வாடகை வாங்கவில்லை. அந்த டெஸ்டில் பாஸ். ஏஜெண்ட் மேல் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பாரம் 1 நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். பாரம் நிரப்பத் தயங்குகிறவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம்.

நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது வேறு. மோசடிக்குப் பயன்பட்டதாகப் புகார் உள்ள கணக்குகளைத் தேடிப் பார்க்கிற போலீஸின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, எனக்கு முன்பே அதன் மேல் புகார் இருந்தது. இரண்டு நிமிட வேலை. பணம் அனுப்பிவிட்டு உடனே சந்தேகம் வந்தால் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அடியுங்கள், தாமதிக்காதீர்கள். பணத்தைப் பள்ளியின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் கட்டி, பள்ளியின் முத்திரை உள்ள ரசீது வாங்குங்கள். டெஸ்டே வேண்டாம், லைசென்ஸ் வீட்டுக்கு வரும் என்று ஒருவர் சொன்னால் அது லெசென் தெர்பாங், அதாவது டெஸ்ட் எழுதாமல் வாங்குகிற கள்ள லைசென்ஸ். மைஜேபிஜே செயலியில் அது வராது. பிடிபட்டால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கே 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கை விரித்துவிடும்.

இதை நான் வழக்கு முடிந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். நேற்று கேண்டீனில் என் லைனில் வேலை செய்கிற 19 வயதுப் பிள்ளை ஃபோனை நீட்டி, "அக்கா, இந்த ஆளுகிட்டே கட்டலாமா?" என்று கேட்டாள். நம்பர் புதிது. பெயர் புதிது. கணக்கு எண் அதேதான்.