தோடி காந்தாரம் தோண்டிய பள்ளம்

வீட்டிலேயே மெட்டில்லாத (விரல்பலகையின் குறுக்கே உலோகக் கம்பிகள் பதிக்காத) கிட்டார் செய்யத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், விரல்பலகைக்கு எதைப் போடலாம் என்று போன வாரம் கேட்டார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஆறு ஆண்டுகளில் ஒரே தண்டியின் மேல் நான்கு பலகைகளை ஒட்டிப் பார்த்துவிட்டேன்.

முதலாவது தேக்கு. பழைய கதவு நிலையிலிருந்து அறுத்தது, பார்க்க அழகு. எட்டே மாதத்தில் மூன்றாம் தந்தியின் கீழே, சரியாகத் தோடி ராகத்தின் காந்தார சுரம் விழும் இடத்தில், ஓர் அரிசி நீளத்துக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. அந்தக் காந்தாரம் நிற்காது. ரிஷபத்தையும் மத்யமத்தையும் தொட்டு அசைந்துகொண்டே இருக்கும். கிட்டார் தந்தியின் மேல் சுற்றிய கம்பி அரம் போன்றது. மெட்டு இருந்தால் அந்தத் தேய்மானத்தை உலோகம் தாங்கும். இங்கே மரமே தாங்க வேண்டும். பள்ளத்துக்குள் தந்தி இறங்கியதும் முன்னால் இருக்கும் மரம் மேடாகி அதில் உரசுகிறது, சுரம் இரைகிறது. நெடுநாள் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த ஒரே இரைச்சல்தான்.

அடுத்து, கருங்காலி என்று சொல்லி ஒரு கடைக்காரர் விற்ற பலகை. கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வியர்வை பட்டதும் விரல் நுனி கறுத்தது. பள்ளம் விழுந்த இடத்தில் வெள்ளை மரம் எட்டிப் பார்த்தது. சாயம்! வாங்கும் முன் பலகையின் ஓரத்தைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். அசல் கருங்காலியைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நல்ல வயலின்களில் அது பல ஆண்டுகள் உழைக்கிறது. ஆனால் வயலின் தந்தியின் மேற்சுற்று பெரும்பாலும் வழவழப்பானது என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது ஈட்டி மரம். எஃகுக் குண்டு ஒன்றை மரத்தில் பாதி ஆழம் அழுத்த எவ்வளவு விசை தேவை என்பதே மரத்தின் கடினத்தைச் சொல்லும் ஜான்கா அளவு. அதில் தேக்கு சுமார் 1,070 பவுண்டு, ஈட்டி சுமார் 2,440. கணக்கு பொய்க்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இழைத்தால் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த ஒருமுறையே எனக்குப் பெரும் சலிப்பு. தந்திகளைக் கழற்றி, பலகையின் நடுவில் மயிரிழைக் குழிவு கெடாமல் இழைத்து, தந்திகளைத் தாங்கும் குதிரையின் உயரத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்; ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும்.

அமெரிக்க பேஸ் கிட்டார் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் மெட்டுகளைப் பிடுங்கிய தம் பேஸ் கிட்டாரில் படகுக்குப் பூசும் எபாக்சிப் பிசினைப் பூசிய கதை இந்தத் தொல்லையிலிருந்து பிறந்ததுதான். எனக்குப் பூச்சு சரியாக வரவில்லை. குமிழி குமிழியாக நின்றது. ஆகவே மின்பலகைக்குப் பயன்படும் 3 மில்லிமீட்டர் பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் தகட்டை வாங்கி ஒட்டினேன். அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசி நல்லதல்ல. மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காந்தாரத்தின் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கிறேன்: பள்ளமே இல்லை! விலையோ ஈட்டியில் கால் பங்கு. கீழ் ஸ்தாயியில் நாதம் முன்பைவிட நீண்டு நிற்கிறது. குறை சொல்ல எனக்கு மனம் வரக் கூடாது.

ஆனால் வருகிறது. சித்திரை மாதத்தில் இந்தத் தகடு வியர்வையைக் குடிப்பதில்லை. விரல் ஒட்டி ஒட்டி நகர்கிறது. அசைவு துண்டு துண்டாக வருகிறது. ஈட்டியில் கை தானாக வழுக்கிப் போகும், காந்தாரம் தொட்டில் போல ஆடும். மழை நாளில் பேக்கலைட்டை எவ்வளவு புகழ்ந்தேனோ, அவ்வளவு கோபம் இப்போது அதன்மேல்.

நண்பரைப் பேக்கலைட்டே வாங்கச் சொன்னேன். முதல் வாத்தியத்துக்கு அதுதான் நியாயம். நான் நேற்று மரக்கடையில் ஓர் ஈட்டித் துண்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.