அட்வான்டேஜ்: கையை எவ்ளோ நேரம் நீட்டிட்டே ஓடுறது?

ரக்பி மேட்ச்ல விசில் ஊத ஆரம்பிச்சு மூணு சீசன் ஆச்சு, லோக்கல் கிளப், காலேஜ் பசங்க மேட்ச் அவ்ளோதான். முதல் சீசன் பூரா அட்வான்டேஜ நீளமா விட்டேன், ரெண்டாவதுல பயந்து போய் ரொம்ப குட்டையாக்கிட்டேன், ரெண்டுலயும் திட்டு வாங்கியாச்சு. இப்ப குட்டை பக்கம்தான் சாய்ஞ்சு நிக்கிறேன், ஆனா அதுல ஒரு சின்ன திருத்தம் இருக்கு.

புதுசா பாக்குறவங்களுக்கு: ஒரு டீம் தப்பு பண்ணுது, பந்து எதிர் டீம் கையில இருக்கு, உடனே ஊதாம அவங்க பக்கமா கையை நீட்டிட்டு ஆட்டத்தை ஓட விடணும். லாபம் கிடைச்சா "ஓவர்", அதாவது அட்வான்டேஜ் முடிஞ்சுது, அந்தத் தப்புக்கு இனி திரும்ப மாட்டோம்; இல்லன்னா ஊதிட்டு தப்பு நடந்த எடத்துக்கே திரும்பி வரணும். சட்டத்துல இத்தனை செகண்டு இத்தனை மீட்டர்னு ஒண்ணும் கிடையாது, லாபம் தெளிவா நிஜமா இருக்கணும், வெறும் சான்ஸ் மட்டும் போதாதுன்னு இருக்கு, மிச்சமெல்லாம் ரெஃப்ரீ தலையில. ஸ்க்ரம் (ரெண்டு டீம் ஆளுங்களும் பூட்டிக்கிட்டு தள்ளி பந்துக்குப் போட்டி போடுறது) சரிஞ்சாலோ யாருக்காவது பலமா அடிபட்ட மாதிரி தெரிஞ்சாலோ இந்தப் பேச்சே இல்ல, ஊதிட வேண்டியதுதான்.

நாக்-ஆனுக்கு (பந்து கை தவறி முன்னாடி விழுறது) எல்லாரும் குட்டையாத்தான் விடுறாங்க, சரியும்கூட. ஊதினாலும் கிடைக்கப்போறது ஒரு ஸ்க்ரம்தானே, பந்தை எடுத்து நிதானமா ஒரு பாஸ் போட்டு ஒரு பத்து மீட்டர் போயிட்டாங்கன்னா ஓவர்.

பெனால்டிதான் தலைவலி. நீளமா விடுறதுக்கு நியாயம் இல்லாம இல்ல, ஆட்டம் நிக்காம ஓடும், பாக்க நல்லா இருக்கும், அட்டாக் பண்ற டீமுக்கு அது ஓசி சான்ஸ், ஃப்ளை-ஹாஃப் (அட்டாக்கை நடத்துற 10-ம் நம்பர்) தைரியமா மைதானத்துக்குக் குறுக்க கிராஸ் கிக் அடிப்பான், டிராப் கோல் (பந்தைத் தரையில விட்டு எழும்பும்போது போஸ்டுக்குள்ள உதைக்கிறது) கூட முயற்சி பண்ணுவான், போனா 3 பாயின்ட், போகலன்னா பெனால்டி பத்திரமா இருக்கு. ஆனா தடுக்குற டீமை யோசிச்சுப் பாருங்க, ஒரு தப்புக்கு ஒன்பது பத்து ஃபேஸ் (ஒரு டேக்கிள்லேர்ந்து அடுத்த டேக்கிள் வரைக்கும் ஒரு ஃபேஸ்) உயிரைக் கொடுத்து டேக்கிள் பண்ணிட்டு கடைசில "வாங்கடா பின்னாடி"ன்னா எப்படி இருக்கும். முதல் சீசன்ல ஒரு மேட்ச்ல அப்படித்தான் விட்டேன், ஏழாவது ரக்குக்குள்ள (டேக்கிளுக்கு அப்புறம் தரையில இருக்குற பந்துக்கு மேல தள்ளிக்கிற கும்பல்) ரெண்டு ப்ராப், ஸ்க்ரம்ல முன் வரிசைல நிக்கிற தடியனுங்க, காலரைப் பிடிச்சுக்கிட்டானுங்க, பிரிச்சு விட்டுட்டுத் திரும்பிப் பாத்தா தப்பு எங்க நடந்ததுன்னே எனக்கு மறந்து போச்சு. பதினஞ்சு பேரு பதினஞ்சு எடத்தைக் காட்டுறான்.

சரின்னு குட்டைக்கு மாறினேன், அதுலயும் மாட்டினேன். 22 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்துல, கோல் போஸ்டுக்கு நேரா தடுக்குற டீம் ஆஃப்சைடு (நிக்கக்கூடாத எடத்துல நின்னு ஆட்டத்துல தலையிடுறது). கையை நீட்டினேன், அட்டாக் டீம் எட்டு மீட்டர் முன்னேறினாங்க, "ஓவர்"னு சொல்லிட்டேன். அடுத்த ரக்குலயே பந்து பறிபோச்சு. கேப்டன் வந்து ரொம்ப பணிவாத்தான் கேட்டான், "சார், என் மூணு பாயின்ட் எங்க போச்சு சார்?" பதில் இல்ல என்கிட்ட.

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் ஒண்ணு உறைச்சுது, எவ்ளோ நேரம் விடுறதுங்கிறது கேள்வியே இல்ல, ஊதியிருந்தா அவங்க கையில என்ன இருந்திருக்கும்ங்கிறதுதான் கேள்வி. போஸ்டுக்கு நேரா பெனால்டின்னா 3 பாயின்ட், அதுக்கு எட்டு மீட்டர் ஈடாகுமா? சொந்த 22க்குள்ள பெனால்டின்னா வெளிய உதைச்சு முப்பது நாப்பது மீட்டர் ஏறி, லைன்-அவுட்ல (வெளிய போன பந்தை ரெண்டு வரிசைக்கு நடுவுல உள்ள எறியுறது) பந்தையும் தானே போடலாம், அப்ப பதினஞ்சு மீட்டர் ஓட்டமெல்லாம் ஒரு லாபமா? அதுக்கும் மேல, பெனால்டின்னா அது கேப்டனுக்கு ஒரு சாய்ஸ். 2015 உலகக் கோப்பைல பிரைட்டன்ல ஜப்பான் 29-32ன்னு பின்தங்கி இருந்தப்ப, கடைசில கிடைச்ச பெனால்டிய உதைச்சு டிரா பண்ணாம கேப்டன் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்டாரு, அதுலேர்ந்து ஹெஸ்கெத் ட்ரை (எதிர் டீம் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில வெக்கிறது, 5 பாயின்ட்) போட்டு தென்னாப்பிரிக்காவ 34-32ல சாய்ச்சாங்க. அந்த முடிவை எடுக்குற உரிமை கேப்டனோடது, ரெஃப்ரீ அவசரப்பட்டு ஓவர்னு சொன்னா அது காலி.

அதனால இப்ப ஓவர் சொல்ல ரொம்ப யோசிக்கிறேன், ஆனா திரும்பி வர யோசிக்கிறதே இல்ல. ரெண்டு மூணு ஃபேஸ் பாப்பேன், முன்னேறலன்னா ஊதிட்டு கேப்டன் கையில கொடுத்துடுவேன். ட்ரை லைனுக்கு அஞ்சு மீட்டர்ல இருந்தா மட்டும் இன்னும் ஒண்ணு ரெண்டு விடுவேன், அங்க 5 பாயின்ட் கண்ணு முன்னாடி நிக்குது. வேணும்னே பண்ண தப்பா இருந்தா, ட்ரை விழுந்த பிறகும் திரும்பிப் போய் மஞ்சள் கார்டு காட்டலாம், அதுக்காக அவசரப்பட வேண்டாம்.

டிவில வர்ற பெரிய மேட்சுக்கு இது பொருந்துமான்னா, அங்க ஃபிட்னஸ் வேற, டச் ஜட்ஜு, வீடியோன்னு எல்லாம் இருக்கு, நீளமா விட்டாலும் தாங்கும்னு நினைக்கிறேன். செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேரு ஆடுற ரக்பி) நான் ஊதினது ரொம்ப கம்மி. ரெண்டு பாதியும் ஏழு ஏழு நிமிஷம், மைதானம் பூரா காலி எடம், டக்குனு ஊதினா பந்தைக் காலால லேசா தட்டிட்டு அவனே ஓடிடுவான், அங்க இன்னும் குட்டையா போகணும்னு தோணுது, அடிச்சு சொல்ல மாட்டேன்.

எடம் மறக்குறதுக்கு மட்டும் ஒரு வழி வெச்சிருக்கேன், தப்பு நடந்ததும் டச் லைன் பக்கம் ஒரு பார்வை, மரமோ பையோ நேரா என்ன இருக்குன்னு பாத்து வெச்சுக்குவேன். போன மேட்ச்ல தண்ணி கேனை அடையாளம் வெச்சேன், மூணாவது ஃபேஸ்ல திரும்பிப் பாத்தா எவனோ கேனைத் தூக்கிட்டுப் போயிட்டான்.